ஒரு டன் புகை வாங்கிக் கிழித்துப் போட்டேன்: வாங்கியவனின் விமர்சனம்

2024 பிப்ரவரியில் 79 யூரோ கொடுத்து ஒரு பொருள் வாங்கினேன். பார்சல் எதுவும் வரவில்லை, வரவும் வராது என்று தெரிந்துதான் வாங்கினேன். பத்து மாதம் கழித்து ஒரு பிடிஎஃப் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. அந்தப் பிடிஎஃப் சொல்வது இதுதான்: ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு உரிமம் ஒன்று, அதாவது ஒரு டன் கரியமில வாயுவை வானத்தில் விட அரசு தரும் அனுமதி ஒன்று, உங்கள் சார்பில் வாங்கப்பட்டு ரத்து செய்யப்பட்டது. இனி அந்த ஒரு டன்னை யாரும் விட முடியாது. நான் இதைப் புகைச்சீட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஏலச்சீட்டு, பரிசுச்சீட்டு மாதிரி இதுவும் ஒரு சீட்டு. ஆனால் இதில் வாங்குபவனுக்கு எதுவும் விழாது.

ஏன் வாங்கினேன் என்றால் குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. நான் இருப்பது ஜெர்மனியில் லைப்சிக். அம்மா இருப்பது ஈரோட்டில். வருடம் ஒருமுறை பிராங்க்பர்ட் வழியாகச் சென்னை, அங்கிருந்து ரயில். போய்வர எவ்வளவு புகை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தளம் ஒரு டன் என்றது, இன்னொரு தளம் அவ்வளவு உயரத்தில் விடும் புகைக்குப் பாதிப்பு அதிகம் என்று மூன்று மடங்கு சொன்னது. டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் விமான நிறுவனமே ஒரு சின்னக் கட்டம் வைத்திருந்தது, இருபது யூரோ சேர்த்தால் எங்கோ ஒரு காட்டைக் காப்பாற்றி உங்கள் பயணத்தைச் சரிக்கட்டிவிடுவோம் என்று. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. என் வீட்டு வேப்பமரத்தை வெட்டப் போகிறேன், நூறு ரூபாய் கொடுத்தால் வெட்ட மாட்டேன் என்று நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால், நான் உண்மையிலேயே வெட்டத்தான் இருந்தேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? காட்டுக் கணக்குகளில் பெரும் பகுதி இந்த வேப்பமரக் கணக்குதான். வெட்டப்பட்டிருக்கும் என்று ஒரு கற்பனை, அதிலிருந்து கழித்தால் கிடைப்பது சேமிப்பு. கற்பனையைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டால் சேமிப்பும் பெரிதாகும்.

புகைச்சீட்டில் அந்தக் கற்பனை கிடையாது. அதனால்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு இந்த மாதம் இத்தனை மூட்டைச் சர்க்கரைதான், அதற்கு மேல் ஒரு கிலோ கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று சீட்டுக் கொடுத்தாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் சீட்டு சும்மா கிடக்கிறது, எதிர்வீட்டில் ஒரு நாளைக்கு எட்டுக் காபி. அவர் இவரிடம் விலை பேசி வாங்கிக்கொள்கிறார். (நம் ஊரில் இது குற்றம், இங்கே இதுவே சட்டம்.) ஊரில் செலவாகும் மொத்தச் சர்க்கரை மாறவில்லை, யார் வாயில் போகிறது என்பதுதான் மாறியது. சர்க்கரைக்குப் பதில் புகை, வீடுகளுக்குப் பதில் அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, இரும்பு ஆலை என்று ஏறத்தாழ பத்தாயிரம் இடங்கள், ஐரோப்பாவின் மொத்தப் புகையில் ஏறக்குறைய 40 சதவீதம். ஒரு டன் குறைக்க ஒரு சிமெண்ட் ஆலைக்கு 120 யூரோ ஆகும், ஒரு மின் நிலையத்துக்கு நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறினால் 40 யூரோவில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு 70 யூரோ விற்றால் மின் நிலையம் குறைக்கும், சிமெண்ட் ஆலை சீட்டு வாங்கும். யார் மலிவாகக் குறைக்க முடியும் என்று எந்த அதிகாரியும் ஆலை ஆலையாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. பொருளாதாரக்காரர்கள் இந்தப் பொருளைக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

நான் செய்தது என்ன? எதிர்வீட்டுக்காரர் போலப் போய் ஒரு சீட்டை வாங்கினேன், சர்க்கரை வாங்காமல் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஊருக்கு ஒரு கிலோ குறைந்தது. அவ்வளவுதான் பொருள்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் கடை என் ஊரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் புகைச்சீட்டு ஏலம் நடத்தும் சந்தை லைப்சிக் நகர நடுவில், ஆகஸ்டுஸ்பிளாட்ஸில் நிற்கும் 142 மீட்டர் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டியது, திறந்து வைத்த புத்தகம் மாதிரி இருக்க வேண்டும் என்று திட்டம், ஊர்க்காரர்கள் ஞானப்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெர்மனியின் பங்கு வெள்ளிக்கிழமைகளில் ஏலம் போகிறது. நேரே போய் ஒரு சீட்டு கொடுங்கள் என்று கேட்க முடியாது. ஏலத்தில் குறைந்தபட்சம் 500 சீட்டு கேட்க வேண்டும், அதாவது 70 யூரோ விலையில் 35,000 யூரோ. அதோடு உறுப்பினராக வேண்டும், ஒன்றியத்தின் பதிவேட்டில் கணக்குத் திறக்க வேண்டும், அதற்குக் கேட்கும் ஆவணங்களைப் பார்த்தால் கோயமுத்தூரில் வீட்டுக்கடன் வாங்குவது சுலபம். அதனால் என் மாதிரி சில்லறை ஆட்களுக்கு நடுவில் ஒரு சேவை தேவைப்படுகிறது. பலரிடம் பணம் சேர்த்து மொத்தமாக வாங்கி ரத்து செய்யும் சின்னச் சின்ன அமைப்புகள் சில உண்டு. நான் போனது அதில் ஒன்று, பெயர் சொல்லவில்லை, காரணம் கீழே வரும்.

அந்தக் கோபுரத்தின் உச்சியில் காசு கொடுத்து ஏறிப் பார்க்கும் தளம் உண்டு. கடைக்குள் போக முடியாவிட்டால் கடையின் மொட்டை மாடிக்காவது போவோம் என்று ஏறினேன். பனிக்காலத்துத் தெளிவான காலை. தெற்கே பார்த்தால் வெள்ளையாக இரண்டு பெரிய தூண்கள். லிப்பென்டார்ஃப் பழுப்பு நிலக்கரி மின் நிலையம், ஒவ்வொரு அலகும் 900 மெகாவாட்டுக்கு மேல். தெரிவது வெறும் நீராவி, நான் வாங்கிய சரக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நன்றாக ஓடிய ஆண்டுகளில் அந்த ஒரே நிலையம் 1 கோடி டன்னுக்கு மேல் விட்டிருக்கிறது. பழுப்பு நிலக்கரியில் ஒரு மெகாவாட் மணி மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு டன், எரிவாயுவில் எடுத்தால் அதில் பாதிக்கும் கீழே. அப்படியென்றால் சீட்டு விலை 70 என்றால் இவர்களுக்கு மெகாவாட் மணிக்கு 70 யூரோ சும்மா ஏறுகிறது, பக்கத்திலேயே தோண்டி எடுக்கும் நிலக்கரி எவ்வளவு மலிவாக இருந்தால் என்ன. அந்த மாடியில் நின்று என் ஒரு டன்னை 1 கோடியோடு வகுத்துப் பார்த்தேன். நேரக் கணக்கில் சொன்னால் அந்த நிலையம் மூன்று நொடி நின்றது மாதிரி. இறங்கி வந்து காபி குடித்தேன்.

சரி, பொருளின் தரம். இங்கேதான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இதே பொருளை வேறு வருடத்தில் வாங்கியிருந்தால் நான் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

2005-இல் சந்தை திறந்தபோது அநேகமாக எல்லாச் சீட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசம்தானே, மின் கட்டணம் ஏறாது என்று மக்கள் நினைத்தார்கள். ஏறியது. காரணம் எளிது: ஓட்டல்காரர் தன் தோப்புத் தேங்காயைத்தான் சட்னிக்கு அரைக்கிறார் என்றாலும் சந்தையில் தேங்காய் நாற்பது ரூபாய் விற்றால் அரைக்கும் ஒவ்வொரு தேங்காயும் அவருக்கு நாற்பது ரூபாய் இழப்புதான், விலைப்பட்டியலில் அது வந்தே தீரும். மின் நிறுவனங்கள் இலவசச் சீட்டின் விலையை மின்சாரத்தில் ஏற்றி நல்ல லாபம் பார்த்தன. 2013 முதல் மின் துறைக்கு இலவசம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். எட்டு வருடம் தாமதம்.

அதைவிட மோசம் எண்ணிக்கை. யார் எவ்வளவு புகை விடுகிறார்கள் என்று சரியான கணக்கே இல்லாமல் சீட்டு அச்சடித்துவிட்டார்கள். 2006 ஏப்ரலில் உண்மையான கணக்கு வெளியானதும் 30 யூரோவுக்கு விற்ற சீட்டு சில நாளில் பாதிக்கும் கீழே போனது, 2007 முடிவில் சில சென்ட். சந்தையின் முதல் கட்டமான 2005-07 சீட்டை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. அப்புறம் 2008 பொருளாதார வீழ்ச்சி, ஆலைகள் தானாகவே புகை குறைத்தன, சீட்டுகள் குவிந்தன, 2013 ஏப்ரலில் விலை 3 யூரோவுக்கும் கீழே. அந்தச் சமயத்தில் மூன்று யூரோவுக்கு ஒரு டன் வாங்கிக் கிழித்தவருக்கு மலிவாகக் கிடைத்தது என்று தோன்றியிருக்கும். உண்மையில் அவர் வாங்கியது யாருக்கும் தேவைப்படாத சீட்டு, பந்தி முடிந்த பிறகு கையில் இருக்கும் சாப்பாட்டு டோக்கன். இந்தப் பொருளில் மட்டும் விலை அதிகம் என்பது குறை இல்லை. 2023 பிப்ரவரியில் முதல்முறையாக 100 யூரோவைத் தாண்டியது, ஒரு வருடத்தில் 52 பக்கம் விழுந்தது. நான் வாங்கியது அந்தச் சரிவில். என் மனைவி "தள்ளுபடியில் வாங்கினீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

பாதுகாப்பும் ஆரம்பத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது. எல்லை தாண்டி விற்பனை வரி இல்லாமல் சீட்டு வாங்கி, உள்நாட்டில் வரியோடு விற்று, வரியைக் கட்டாமல் ஓடிய கும்பல்களால் 2009 வரை ஏறத்தாழ 500 கோடி யூரோ போனதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சொன்னது. 2011 ஜனவரியில் செக் நாட்டின் பிராகாவில் பதிவேட்டு அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது, ஊழியர்கள் வெளியேறினார்கள், திரும்பி வந்து பார்த்தால் ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து சுமார் 4,75,000 சீட்டு காணவில்லை. ஒன்றியம் முழுக்கப் பதிவேடுகளை மூடிவைத்தார்கள். இன்று கணக்குத் திறக்க அத்தனை ஆவணம் கேட்பது இதனால்தான் என்று தெரிந்த பிறகு என் புலம்பலைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். பணம் கட்டியது பிப்ரவரியில். மறுநாளே நன்றி சொல்லி மின்னஞ்சல், நன்கொடை ரசீது (வரிக்கணக்கில் காட்டலாம், இது ஒரு நல்ல விஷயம்). சீட்டு ரத்தானதற்குச் சான்று மட்டும் வரவில்லை. மார்ச், ஏப்ரல், மே. எழுதிக் கேட்டால் "வாங்கிவிட்டோம், எங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, ஆண்டு இறுதியில் மொத்தமாக ரத்து செய்வோம்" என்று பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பணம் கட்டிய அன்று சந்தை விலை 55 யூரோ பக்கம், என்னிடம் வாங்கியது 79, நடுவில் 24 யூரோ யார் சாப்பிட்டது என்பது ஒருபக்கம். கிழிக்காமல் கையில் வைத்திருக்கிறார்களே, விலை ஏறியதும் விற்றுவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். பொதுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பரிமாற்ற விவரங்கள் அங்கே சில ஆண்டுத் தாமதத்தோடுதான் வெளியாகும். கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன், அதில் "திருப்பூர்ப் பக்கத்து ஆளை ஏமாற்ற முடியாது" என்ற தொனி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பதில் எழுதியவர் ஓர் இளம்பெண், பொறுமைசாலி. 24 யூரோவில் தரகுக் கட்டணம் எவ்வளவு, கணக்குக் கட்டணம் எவ்வளவு, அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருந்தார், சம்பளம்தான் பெரும்பங்கு, அதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் கடிதத்தின் இரண்டாம் பாதி என்னை உட்கார வைத்துவிட்டது. நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு, உடனே கிழித்தால்தான் உங்களுக்கு நஷ்டம் என்றார்.

புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது, இங்கே சுருக்கிச் சொல்லப் பார்க்கிறேன். 2019 முதல் இந்தச் சந்தையில் ஒரு கிடங்கு இருக்கிறது. வருடா வருடம் சந்தையில் பயன்படாமல் மிஞ்சிக் கிடக்கும் சீட்டுகளை எண்ணுவார்கள். மிச்சம் 83 கோடியே 30 லட்சத்தைத் தாண்டினால் அடுத்து வரும் ஏலங்களில் சீட்டைக் குறைத்துக் கிடங்கில் போடுவார்கள். 109 கோடியே 60 லட்சத்தையும் தாண்டினால் குறைப்பு மொத்த மிச்சத்தில் 24 சதவீதம். கிடங்கில் 40 கோடிக்கு மேல் சேர்ந்தால் மேலே இருப்பது செல்லாது. 2023 ஜனவரி 1 அன்று, வரம்பு வேறாக இருந்தபோதே, இப்படி 250 கோடிக்கு மேல் செல்லாக்காசாகிவிட்டது, நம் 2016 நவம்பர் இரவு மாதிரி, ஆனால் வரிசையில் நிற்காமல். 2024 முடிவில் எண்ணியபோது மிச்சம் 114 கோடிக்கு மேல், அதாவது குறைப்பு இன்னும் நடக்கிறது.

இதில் என் சீட்டு என்ன ஆகிறது? நான் உடனே கிழித்தால் மிச்சக் கணக்கில் ஒன்று குறைகிறது. மிச்சம் ஒன்று குறைந்தால் கிடங்குக்குப் போக வேண்டியதில் ஏறக்குறைய கால் சீட்டு குறைகிறது, அந்தக் கால் சீட்டு ஏலத்தில் திரும்பி வந்துவிடும். அடுத்த வருடமும் இதே கதை. ஆக நான் ஒன்று கிழித்தால் அரசு கிழிக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறது. கிழிக்காமல் கையில் வைத்திருந்தால்? அது மிச்சமாகவே எண்ணப்படும். சந்தையில் சீட்டு அதிகம் கிடக்கிறது போலிருக்கிறதே என்று நினைத்து வருடா வருடம் அதன் பங்குக்குக் கால் கால் சீட்டாகக் கிடங்குக்குள் தள்ளுவார்கள். சில வருடம் இப்படி ஏமாற்றிவிட்டு, கிடங்கு வேலை நின்றதும் கடைசியில் நம் சீட்டையும் கிழித்தால், ஒரு டன் காசுக்கு ஒரு டன்னுக்கு மேலேயே கிடைக்கும். ரேயர் கெர்லாக், ரோவெனோ ஹைமன்ஸ் என்று நெதர்லாந்தில் இருந்த இரண்டு பொருளாதாரக்காரர்கள் 2019-இல் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கு, வைத்திரு, பிறகு எரி என்பதுதான் அவர்கள் சொல்லும் வழி.

அந்தக் கிடங்கு வருவதற்கு முன் நிலைமை வேறு. அப்போது மொத்தப் புகைக்கு மேலே ஓர் உச்சவரம்பு, ஒரே ஒரு கூரை, நாம் என்ன செய்தாலும் அது அசையாது. நான் ஏசியை அணைத்தாலோ லிப்பென்டார்ஃப் நிலையத்தையே மூடினாலோ மிஞ்சும் சீட்டு போலந்துக்கோ கிரேக்கத்துக்கோ போய் அங்கே புகையாகும். தண்ணீர் நிரப்பிய மெத்தையில் ஒரு மூலையை அமுக்கினால் மறு மூலை எழும்புகிற மாதிரி. அந்தக் காலத்தில் சீட்டை வாங்கிக் கிழிப்பது ஒன்றுதான் நிச்சயமாகப் பலன் தருகிற வேலை. இப்போது தலைகீழ்: தானாகப் புகையைக் குறைப்பதற்கும் ஓரளவு பலன் உண்டு, உடனே கிழிப்பதற்குக் கொஞ்சம் மவுசு குறைவு. விதிப்புத்தகத்தில் நாலு வரி மாறியதில் ஒரு பொருளின் உபயோகம் இப்படிப் புரண்டுவிடும் என்றால், வாங்குபவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும், லேபிள் எங்கேயும் ஒட்டப்படவில்லை. அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, நான் சண்டை போட்டதால் தெரிந்தது. என் முக்கியமான குறை இதுதான்.

அதற்காக அவர்கள் ஏதோ பெரிய உத்தியோடு பத்து மாதம் வைத்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் வேலை மிச்சம், அதுதான் காரணம், கெர்லாக் பிறகு துணைக்கு வந்தார் என்று எனக்குச் சந்தேகம். டிசம்பரில் எப்படியும் கிழித்துவிட்டார்கள்.

வேறு கடைகளோடு ஒப்பிட வேண்டும் என்றால், முதல் கடை அமெரிக்காவுடையது. 1990 சட்டப்படி மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்குச் சீட்டு வந்தது, 1993-இல் சிகாகோவில் முதல் ஏலம். அமிலமழைக்குக் காரணமான புகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த செலவில் குறைந்தது. சந்தையின் மகிமை மட்டுமில்லை, ரயில் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகள் முன்பே தளர்ந்திருந்ததால் வயோமிங்கின் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாகக் கிழக்கே வந்து சேர்ந்ததும் ஒரு காரணம். பள்ளிக் குழந்தைகள்கூடக் காசு சேர்த்துச் சீட்டு வாங்கிக் கிழித்தார்கள். 2005 கடைசியில் ஒரு சீட்டு ஆயிரம் டாலரைத் தாண்டியது. பிறகு அரசு வேறு விதிகளைக் கொண்டுவர, நீதிமன்றம் அதைத் தள்ள, குழப்பத்தில் 2012 ஏலத்தில் ஒரு டாலருக்கும் கீழே போய்விட்டது. உத்தரவாத அட்டை எதுவும் இந்தப் பொருளோடு வராது என்பதற்கு அது உதாரணம்.

இந்தியாவில் வாங்க முடியுமா என்று தம்பி கேட்டான். குஜராத்தில் சூரத் ஆலைகளின் புகைபோக்கித் தூசிக்கு 2019-இல் ஒரு சந்தை தொடங்கினார்கள், தூசிக்கு உலகிலேயே முதல் சந்தை. 317 ஆலைகளைக் குலுக்கிப் போட்டு 162-ஐ மட்டும் சந்தைக்குள் விட்டு மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே என்ற பொருளாதாரக்காரர்களின் குழு அளந்து பார்த்தது. சந்தைக்குள் இருந்த ஆலைகளில் தூசி 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. ஆலைகள் ஒழுங்காகச் சீட்டைக் கணக்கில் வைத்திருந்தன. இது எனக்குப் பெரிய ஆச்சரியம், நம் ஊரில் அபராதம் என்றாலே வேறு மாதிரித்தானே நடக்கும். புகைபோக்கியிலேயே கருவி வைத்துத் தொடர்ந்து அளந்ததும், முன்பணமாக வாங்கி வைத்த தொகையிலிருந்து கழித்ததும் வேலை செய்திருக்கிறது. மற்றபடி 2023-இல் இந்திய அரசு அறிவித்த கார்பன் சந்தையில் இலக்கு என்பது ஒரு டன் சிமெண்டுக்கு இவ்வளவு புகை என்ற மாதிரி. சிமெண்ட் அதிகம் செய்தால் மொத்தப் புகையும் கூடலாம். மொத்தத்துக்குக் கூரை போடாத இடத்தில் சீட்டை வாங்கிக் கிழிப்பதற்கு இதே அர்த்தம் இல்லை.

ஓர் எச்சரிக்கை, இது என் ஊர்ப்பக்கத்து அனுபவத்திலிருந்து. கரியமில வாயுவுக்கு ஊர் கிடையாது, லைப்சிக்கில் விட்டாலும் லிஸ்பனில் விட்டாலும் ஒன்றுதான், அதனால் சீட்டு கை மாறினால் யாருக்கும் கூடுதல் கேடு இல்லை. சாயத்தண்ணீருக்கு ஊர் உண்டு. நொய்யலில் விட்டால் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கும், அதற்குக் கீழே இருக்கிறவர் கிணறுதான் கெடும். பக்கத்து மாவட்டத்தில் யாரோ குறைத்துவிட்டார்கள், இங்கே சீட்டு இருக்கிறது, நாங்கள் விடுகிறோம் என்று அந்த விவசாயியிடம் சொல்ல முடியுமா? 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் பக்கம் எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நின்றது என்று பார்த்தவன் நான், இருந்தாலும் அங்கே சீட்டு வியாபாரம் சரிப்பட்டிருக்காது என்றுதான் சொல்வேன். விசித்திரம், 1968-இல் கனடாவில் ஜான் டேல்ஸ் என்ற பொருளாதாரக்காரர் இந்த யோசனையை முதலில் விரிவாக எழுதியது தண்ணீர் மாசுக்காகத்தான்.

அப்புறம் என் குற்ற உணர்ச்சிக் கணக்கு. லைப்சிக்கிலிருந்து பிராங்க்பர்ட் வரை பறந்தால் அதற்கு விமான நிறுவனம் ஏற்கெனவே சீட்டுக் கொடுத்தாக வேண்டும், 2012 முதல் ஐரோப்பாவுக்குள் பறப்பது சந்தைக்குள் வந்துவிட்டது. பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு? கிடையாது. அதையும் சேர்க்கத்தான் முதலில் திட்டம், இந்தியாவும் சீனாவும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்ததில் வெளிநாட்டுப் பயணங்களை விலக்கிவிட்டார்கள். ஆக 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதற்குச் சீட்டு இல்லை, 300 கிலோமீட்டருக்கு உண்டு. என் 79 யூரோ அந்த ஓட்டையை அடைக்கத்தான் போனது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? காட்டுக் கட்டத்தில் டிக் அடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அதற்குப் பதில் இது. பொருள் நிஜம், எண்ணிக்கை நிஜம், கூரை வருடா வருடம் இறங்குகிறது (2024 முதல் ஆண்டுக்கு 4.3 சதவீதம்), 2023-இல் இந்தத் துறைகளின் புகை 2005-ஐவிட 47 சதவீதம் குறைவு, அதில் காற்றாலை, சூரிய மின்சார மானியங்களின் பங்கும் உண்டு என்பதை மறக்காமல் சொல்கிறேன். பணத்துக்குப் பதில் கையில் ஏதாவது வேண்டும் என்பவர்கள் மரக்கன்று வாங்குங்கள். பொருளுக்கு ஐந்தில் நாலு, நான் போன சேவைக்கு இரண்டரை. அந்த அரை, பொறுமையாகப் பதில் எழுதிய பெண்ணுக்கு.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கண்ணு, காத்துக்கா காசு குடுத்தே?" என்றாள். காற்றுக்கு இல்லைம்மா, யாரோ விடவிருந்த புகைக்கு என்றேன். "அந்தக் காசுக்கு இன்னொருக்கா வந்துட்டுப் போயிருக்கலாம்" என்றாள். 79 யூரோவுக்கு டிக்கெட் வராது என்று விளக்கப் போகவில்லை.

இந்த வருடமும் வாங்கினேன், இரண்டு டன். பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் "உடனே கிழிக்க வேண்டாம், 2030 வரை வைத்திருங்கள்" என்று எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: ஆளுக்கு ஆள் தனியாக வைத்திருக்க வசதி இல்லை, எப்போது ரத்து செய்வது என்பதை நவம்பர் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்கிறார்களாம், உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வாக்கு, ஆண்டுச் சந்தா 30 யூரோ. கட்டிவிட்டேன். ரசீதிலும் பெயரில் அதே எழுத்துப் பிழை.